நெல்லும் உடம்பும் பணமும்: வேலூர் – ஆரணிச் சாலையில் ஐம்பதாண்டு ஆராய்ச்சி

(கண்ணமங்கலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நெசவாளர்கள் பலர் தறியை நிறுத்திவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள்.

தறி நின்றால் அன்றைய கூலியும் நிற்கும். ஆகவே முகமன் உரைகளைக் குறைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு பெரியது. முதலீடு, பயிர் மரபியல், மருத்துவம் என்ற மூன்று துறை ஆராய்ச்சிகளையும் சேர்த்துப் பேசச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் இந்த மூன்று துறைக்காரர்களும் ஒரே கேன்டீனில் டீ குடிப்பதுகூட அபூர்வம். ஆனால் கண்ணமங்கலத்தில் ஒரு நெசவாளர் வீட்டை எடுத்துக்கொண்டால், அரிசி வாங்குகிற பணமும், வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பணமும், சீட்டுக்குக் கட்டுகிற பணமும் ஒரே டப்பாவிலிருந்துதான் வருகின்றன. டப்பாவில் குறைந்தால் மூன்றும் குறையும். எனவே தலைப்பு எனக்குப் பொருந்தாததாகத் தோன்றவில்லை.

இந்த மூன்று துறைகளுக்கும் ஒரு பொதுவான மூதாதை உண்டு. ரொனால்ட் ஃபிஷர் என்ற ஆங்கிலேயர். 1918-ல் மரபியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உயரம் ஒத்துப்போவதையும் மாறுபடுவதையும் எப்படிக் கணக்கிடுவது என்பது கேள்வி. சராசரியிலிருந்து ஒவ்வொருவரும் எவ்வளவு விலகி நிற்கிறார்கள், அந்த விலக்கத்தில் எவ்வளவு பரம்பரையால், எவ்வளவு சூழலால் என்று பிரித்துக் காட்டினார். அடுத்த ஆண்டு ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார். ஆராய்ச்சியாளரின் விருப்பு வெறுப்பு அந்தப் பாத்திகளுக்குள் நுழைய வழியில்லாமல் போனது.

அந்தக் குலுக்கல் 1947-ல் வயலைவிட்டு ஆஸ்பத்திரிக்குள் வந்தது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க, பிரிட்டனில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். விலக்கத்தை அளக்கும் கணக்கோ 1952-ல் பங்குச்சந்தைக்குப் போனது. ஹாரி மார்க்கோவிட்ஸ் என்ற இளைஞர், முதலீட்டின் ஆபத்து என்பது அதன் வருமானம் சராசரியிலிருந்து எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் என்று எழுதினார். ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்காத முதலீடுகளைச் சேர்த்து வைத்தால் மொத்த ஆட்டம் குறையும் என்பது அவர் கண்டது. பின்னாளில் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

கிணற்றடியில் நெல், மானாவாரியில் வேர்க்கடலை, வீட்டில் ஒரு கறவை, திண்ணையில் ஒரு தறி என்று வைத்திருந்த இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு மார்க்கோவிட்ஸ் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அவர் சொன்னதைச் செய்ய முடியாதவர்கள்தான் இங்கே அதிகம். முன்பணம் வாங்கி ஒரே முதலாளிக்குக் கூலிக்கு நெய்கிறவருக்கு, ஆபத்தைப் பிரித்து வைக்கும் வசதி எங்கே இருக்கிறது? கோராப் பட்டு விலை ஏறினால் பாவு தாமதமாகும். பாவு தாமதமானால் தறி காத்துக்கிடக்கும். முன்பணம் மட்டும் அப்படியே நிற்கும்.

காசநோய் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. அவ்வளவு படுக்கைகளுக்கு இந்தியா எங்கே போகும்? வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பகுதியினர் சானடோரியத்தில் மாத்திரை சாப்பிட்டார்கள். மற்றவர்கள் சென்னையின் நெருக்கடியான வீடுகளில், அரைகுறைச் சாப்பாட்டோடு, வேலைக்கும் போய்க்கொண்டு அதே மாத்திரையைச் சாப்பிட்டார்கள். 1959-ல் முடிவு வெளியானது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் உள்ளவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குப் பின்னால் சென்னைச் சந்துகளில் செய்த இந்த ஆய்வும் இருக்கிறது. நம்முடைய பாடப்புத்தகங்களில் இதற்குக் கிடைத்திருக்கும் இடம் போதாது என்பது என் எண்ணம்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

1962-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், பீட்டர் ஜென்னிங்ஸ் தைவானின் குட்டை நெல் ஒன்றையும் இந்தோனேசியாவின் ‘பேட்டா’ என்ற உயர நெல்லையும் ஒட்டினார். அங்கே செய்த கலப்புகளில் அது எட்டாவது. 1966-ல் அதிலிருந்து வெளிவந்த ரகம் ஐ.ஆர்.8. அதன் ரகசியம் குட்டைத் தண்டு. உரம் போட்டால் பழைய சம்பா ரகங்கள் வளர்ந்து, கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். குட்டை நெல் சாயாது. போட்ட உரமெல்லாம் மணிக்குப் போகும். அந்தக் குட்டைத்தனத்துக்குக் காரணமான ஒரே ஒரு மரபணுவை 2002-ல்தான் அடையாளம் கண்டார்கள். செடி நீள்வதற்கான ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணு அதில் பழுதாகியிருக்கிறது. ஒரு பழுது ஆசியாவுக்குச் சோறு போட்டது!

அந்த நெல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு வந்தபோது, ஒரு விவசாயி தன் மகனுக்கே ஐ.ஆர். எட்டு என்று பெயர் வைத்தார். நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இன்றும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. சோறு அவ்வளவு ருசியாக இல்லை என்பதையும் அன்றைக்கே எல்லோரும் சொன்னார்கள். தடித்த அரிசி, ஆறினால் விறைத்துப்போகும். ஆரணி அரிசி என்று இன்று மூட்டையில் அச்சடித்து விற்பது வேறு வகைச் சன்ன ரகங்களைத்தான். இருந்தாலும் கிணற்றுப் பாசனமும் மின்மோட்டாரும் உரமும் கடனும் ஒன்றாக இந்தச் சாலைக்குள் நுழைந்தது அந்தக் குட்டை நெல்லின் பின்னால்தான்.

அப்போதுதான் ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். 1973-74-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பி.எச்.ஃபார்மர் தலைமையில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தன. அந்தக் குழுவில் இருந்தவர்களில் ராபர்ட் சேம்பர்ஸ், ஜான் ஹாரிஸ், பார்பரா ஹாரிஸ் (பிறகு ஹாரிஸ்-ஒயிட்) ஆகியோர் பின்னாளில் உலகறிந்த அறிஞர்கள் ஆனார்கள். முதல் வேலையாக ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார்கள்: புது ரகம் எத்தனை ஏக்கரில் இருக்கிறது? அரசுக் கோப்பில் நெல் பரப்பில் ஏறத்தாழ 39 சதவீதம் என்று இருந்தது. வயலில் இறங்கி எண்ணினால் அவர்கள் பார்த்த ஊர்களில் 13 சதவீதம்தான் தேறியது. யாரோ ஒருவர் பொய் சொன்னார் என்பதில்லை. மேலே இருந்து இலக்கு வருகிறது, கீழே இருந்து இலக்குக்கு ஏற்ற எண் போகிறது. ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தம் ஏறுகிறது.

இந்த 39-ஐயும் 13-ஐயும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்ல வந்ததே கோப்பில் இருக்கும் எண்ணுக்கும் வாசற்படியில் கிடைக்கும் எண்ணுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைத்தான்.

அந்தக் குழு புத்தகம் எழுதி முடித்ததும் கதை முடிந்திருந்தால் நாம் ஏமாந்திருப்போம். பசுமைப் புரட்சி ஏழைகளுக்கு அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை என்ற தொனி அதில் இருந்தது. பத்தாண்டு கழித்து, உணவுக் கொள்கைக்கான சர்வதேச நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் ஹேசலும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சி.ராமசாமியும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். முதலில் அவர்களுக்குக் கிடைத்தது வறட்சி வருஷம். காத்திருந்து அடுத்த வருஷமும் எடுத்தார்கள். அவர்களுடைய புத்தகம் 1991-ல் வந்தது. இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் இடைப்பட்ட பத்தாண்டில் சிறு நெல் விவசாயிகளின் குடும்ப வருமானம் விலைவாசி ஏற்றம் போக ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு அதைவிடக் கூடியிருந்தது. விகிதத்தில் பார்த்தால் பெரிய விவசாயிக்குக் கிடைத்ததுதான் குறைவு. வயலில் கூடுதலாக உண்டான ஒவ்வொரு ரூபாயும் ஆலை, கடை, தறி, போக்குவரத்து என்று வயலுக்கு வெளியே 87 காசு கூடுதல் வருமானத்தைக் கிளப்பிவிட்டது என்றும் கணக்கிட்டார்கள்.

பிறகு 1990-களின் நடுவில் பார்பரா ஹாரிஸ்-ஒயிட்டும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ்.ஜனகராஜனும் அதே ஊர்களில் சிலவற்றுக்கு மூன்றாம் முறையாகப் போனார்கள். 2004-ல் வந்த அவர்களுடைய தொகுப்பில் மறுபடி வேறு சித்திரம். விளைச்சலின் வேகம் தளர்ந்திருந்தது. கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின. தண்ணீர் விற்பனைச் சரக்காகியிருந்தது.

எது உண்மை என்று கேட்பீர்கள். மூன்றும் அந்தந்த வருஷத்து உண்மைகள். ஒரே ஒரு தடவை வந்து போனவர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் நாம் தவறான பாடத்தைக் கற்றிருப்போம். ஒரு ஆராய்ச்சியின் தரத்தை அளக்க அது எந்த இதழில் வந்தது என்று பலர் பார்க்கிறார்கள். திரும்பிப் போனார்களா என்றுதான் நான் பார்க்கிறேன்.

உடம்புப் பக்கம் இதைவிட வலுவானது. கண்ணமங்கலத்தில் வேலூர் பஸ் ஏறினால் வழியில் கணியம்பாடி வரும். ஒரு லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் அந்த ஒன்றியத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறை பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு பிறப்பையும் ஒவ்வொரு இறப்பையும் பதிவு செய்துவருகிறது. ஊரிலேயே இருக்கும் சுகாதாரப் பணியாளர் தகவல் சொல்வார். செவிலியர் வீட்டுக்குப் போய்ச் சரிபார்ப்பார். இறப்பு என்றால் குடும்பத்தாரிடம் பொறுமையாக உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேட்டு, மருத்துவர் காரணத்தை முடிவு செய்வார்.

இப்படிக் கேட்டதில் வெளிவந்த ஒரு எண்ணைச் சொல்வதற்கு மனம் தயங்குகிறது. ஆனால் சொல்லாமல் விடுவது சரியல்ல. 1992 முதல் 2001 வரையிலான பதிவுகளைப் பார்த்தபோது, 10 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளிடையே தற்கொலை ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 148 என்று இருந்தது. அதே வயது ஆண்பிள்ளைகளிடையே 58. 2004-ல் ‘லான்செட்’ இதழில் இது வெளியானது. நாடு முழுமைக்கும் அன்று சொல்லப்பட்ட அரசு விகிதத்தைவிடப் பல மடங்கு அதிகம். போலீஸ் கோப்பில் வயிற்று வலி என்றும் விபத்து என்றும் ஒதுங்கிய மரணங்கள், அந்த வாசற்படியில் தங்கள் உண்மையான காரணத்தோடு நின்றன. மறுபடியும் 39-ம் 13-ம்தான். இந்த முறை கோப்பு குறைத்துச் சொன்னது.

இன்னொன்று. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் அதையொட்டிய கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை அதே கல்லூரி எடை, உயரம் எடுத்துப் பதிவு செய்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிறப்புகள். அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முப்பது வயதை ஒட்டித் தேடிப் பிடித்து, சர்க்கரை பார்த்தார்கள். ஒல்லியாக வளர்ந்து, பின்னாளில் வேகமாக எடை கூடியவர்களுக்குச் சர்க்கரை நோய்க்கான ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. பிறந்த எடையை முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்த ஒரு அலமாரி இல்லையென்றால் இதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

இப்போது ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஐ.ஆர்.8 இந்த மாவட்டத்துக்கு வந்தது 1960-களின் கடைசியில். வேலூர்க் குழந்தைகள் பிறந்தது 1969-73. கேம்பிரிட்ஜ்காரர்கள் கணக்கெடுத்தது 1973-74. ஒரு குழு நெல்லை எண்ணியது, இன்னொரு குழு குழந்தையை எடை போட்டது. பழைய ஒரே மாவட்டம், ஒரே தலைமுறை. அரிசி மலிந்த காலத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிற்பாடு சர்க்கரை ஏன் என்ற கேள்விக்கு, இந்த இரண்டு பதிவுகளையும் சேர்த்து வாசித்தால் பாதி விடையாவது கிடைக்கும் என்று நினைக்கிறேன். நெல் பதிவு பொருளாதாரத் துறையில் இருக்கிறது. குழந்தைப் பதிவு மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. பஸ்ஸில் போனால் ஒரு காலைப் பொழுது. ஆனால் ஆராய்ச்சி நிதி துறைவாரியாகத்தான் வருகிறது. துறைக்கு வெளியே போக பஸ் டிக்கெட்டுக்குச் செலவுத் தலைப்பு கிடையாது.

பணத்துக்கு வருகிறேன்.

பணத்தை யாருமே பார்க்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். பார்பரா ஹாரிஸ்-ஒயிட் 1970-களிலிருந்து ஆரணி நகரத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, கடைகளையும் ஆலைகளையும் பட்டு வியாபாரத்தையும் நகைக்கடைகளையும் கணக்கெடுத்தார். 2003-ல் வந்த அவருடைய ‘இந்தியா வொர்க்கிங்’ என்ற புத்தகம் உலகப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. அதற்கு அடிப்படை நம்முடைய ஆரணி பஜார்தான். சட்டத்தில் பதிவாகாத தொழில்கள், குடும்பக் கூட்டு, சாதிச் சங்கம், கைமாற்று, அடகுக்கடை என்று நகரத்தின் பணம் நகரும் பாதைகளை அவர் காட்டினார். நாற்பதாண்டு மாற்றத்தைப் பற்றி 2016-ல் இன்னொரு தொகுப்பும் வந்தது. இந்த அவையில் எத்தனை பேர் அவற்றைப் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டேன். இரண்டும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. விலையோ, இரண்டாவது புத்தகத்துக்கு ஒரு நெசவாளரின் பல நாள் கூலி. ஆரணியைப் பற்றி ஆரணிக்காரர் படிக்க முடியாத புத்தகம்!

ஆனால் அவை கடையையும் சந்தையையும் பற்றிய ஆய்வுகள். வீட்டு டப்பாவை அதே பிடிவாதத்தோடு யாரும் பின்தொடரவில்லை. ஃபிஷரின் குலுக்கல் பணத்துக்கும் வந்தது உண்மை. 2005-ல் தொடங்கி ஹைதராபாத்தில் 104 குடியிருப்புகளில் பாதிக்கு மட்டும் நுண்கடன் நிறுவனம் போகும்படி குலுக்கிவிட்டு, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் பார்த்தார்கள். சிலர் தொழிலைக் கொஞ்சம் விரிவாக்கினார்கள், சாமான் வாங்கினார்கள். உடல்நலத்திலோ, பிள்ளைகள் படிப்பிலோ, பெண்களின் சொல்லுக்கு வீட்டில் இருக்கும் மதிப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. குழுக்கடன் வறுமையை ஒழிக்கும் என்று மேடைகளில் முழங்கியவர்களுக்கு அது கசந்தது. பானர்ஜியும் டஃப்லோவும் மைக்கேல் க்ரெமரோடு 2019-ல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

அந்த நோபல் பரிசுக்கு மூன்றாண்டு கழித்து நம் வட மாவட்டங்களில் நடந்தது என்ன? 2022-ல் ஆருத்ரா என்ற நிதி நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாகக் குற்றச்சாட்டு. மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லப்பட்டது. ஆண்டுக்கு அல்ல, மாதத்துக்கு. ஒரு லட்சம் ரூபாயை மாதம் 30 சதவீதத்தில் எடுக்காமல் விட்டுவைத்தால் ஓராண்டில் 23 லட்சம், இரண்டாண்டில் 5 கோடிக்கு மேல். இப்படி ஒரு தொழில் பூமியில் இல்லை. எட்டாம் வகுப்புக் கூட்டுவட்டிக் கணக்கு அது.

பணம் போட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு புது நெல் ரகம் உங்கள் வயலுக்கு வருமுன் ஆராய்ச்சி நிலையத்தில் பல பருவம், பிறகு பல மாவட்டங்களில் விவசாயிகள் வயலில் சோதனை என்று கடந்து வருகிறது. இந்தியாவிலேயே உருவான ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளைச் சேர்த்துச் சோதித்தார்கள். ரோட்டாவைரஸால் வரும் கடுமையான வயிற்றுப்போக்கை அது ஏறத்தாழ 55 சதவீதம் தடுக்கிறது என்று 2014-ல் எழுதினார்கள். நூறு சதவீதம் என்று சொல்லவில்லை. நெல்லுக்கும் மருந்துக்கும் இப்படிச் சோதனை பார்த்துப் பழகிய சமூகத்தில், பணத்துக்கான திட்டம் மட்டும் ஒரு துண்டு நோட்டீஸோடும் தெரிந்த ஏஜெண்டோடும் வாசலுக்கு வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 1997-லிருந்தே முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டமும் 2019-ல் வந்தது. சட்டங்கள் பெரும்பாலும் பணம் போன பிறகுதான் வேலை தொடங்குகின்றன.

கணியம்பாடியில் ஒரு குழந்தைக்கு எடை குறைந்தால் யாரோ ஒருவர் நோட்டில் குறிக்கிறார். கண்ணமங்கலத்தில் நூறு வீடுகள் ஒரே மாதத்தில் நகையை அடகு வைத்து ஒரே இடத்தில் போட்டால் அதைக் குறிக்க எந்த நோட்டும் இல்லை. இருந்திருந்தால் அந்த மாதமே மணி அடித்திருக்கும். நெல்லும் உடம்பும் அளப்பவருக்கு ஒத்துழைக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கதிரை ஒளிக்க முடியாது, எடையை ஒளிக்க முடியாது. கடனை ஒளிக்கலாம், கணவனிடமே ஒளிக்கலாம். சம்பந்தம் பேசும் வீட்டுக்குத் தெரியாமல் ஒளிக்கத்தான் வேண்டும். ஒரே ஒரு நாள் வந்து கேள்வித்தாள் நீட்டுகிறவரிடம் யாரும் உண்மைக் கடனைச் சொல்லமாட்டார்கள். பத்தாவது மாதமும் வருகிறவரிடம் சொல்லக்கூடும்.

ஆகவே இந்த அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நல்லதுதான். அதோடு இந்தப் பகுதிக் கல்லூரிப் பொருளாதார மாணவர்களைக் கொண்டு, தறி இருக்கும் வீடுகள் சிலவற்றில் மாதம் ஒரு முறை வரவு, கடன், முன்பணம், சீட்டு, வைத்தியச் செலவு ஆகியவற்றைப் பதிவு செய்யத் தொடங்குங்கள். சம்மதம் கொடுத்த வீடுகளில் மட்டும். பதிவில் பெயர் இருக்கக் கூடாது, எண்தான் இருக்க வேண்டும். எந்த எண் எந்த வீடு என்ற பட்டியல் தனியாக, பூட்டின அலமாரியில் இருக்கட்டும். முதலாளி கேட்டாலும், கட்சிக்காரர் கேட்டாலும், கடன் கொடுத்த நிறுவனம் கேட்டாலும் அது வெளியே போகக் கூடாது. இதில் ஒரு தடவை தவறினால் அப்புறம் எந்த வீடும் கதவைத் திறக்காது.

பதிவு எடுக்கும் மாணவருக்குப் பஸ் காசும் ஒரு சிறு தொகையும் கொடுங்கள். கூலி நாள்களில் பகலில் போகாதீர்கள். தறி ஓடும் நேரத்தில் வருகிற ஆராய்ச்சியாளரை யாருக்கும் பிடிக்காது. ஆண்டுக்கொரு முறை, வந்த கணக்கை இதே மண்டபத்தில், தமிழில், அந்த வீட்டுக்காரர்கள் முன்னாலேயே வாசியுங்கள். கணக்கு தப்பு என்று அவர்கள் சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வருஷத்துக்கு இதிலிருந்து கட்டுரை எதுவும் வராது. மூன்றாவது வருஷம் கோராப் பட்டு விலை ஏறும்போதோ, புதிதாக ஒரு பைனான்ஸ் கம்பெனி போர்டு மாட்டும்போதோ, நோட்டைப் புரட்டிப் பார்க்க ஏதாவது இருக்கும். வேலூர்க்காரர்கள் 1969-ல் பிறந்த எடையை எழுதி வைத்தபோது அவர்களிடமும் இதற்குமேல் உத்தரவாதம் எதுவும் இருக்கவில்லை.